தும்மலுக்கு மூன்று வருஷம் ஊசியா?

கேள்வி: எனக்கு வயது 34. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீராய்க் கொட்டும். தோல் பரிசோதனை செய்ததில் வீட்டுத் தூசியில் இருக்கும் பூச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தது. அலர்ஜி ஊசி போடலாம், குறைந்தது மூன்று வருஷம் ஆகும் என்கிறார் டாக்டர். என் கணவருக்கு உடம்பு தடித்தால் பக்கத்து கிளினிக்கில் ஒரே ஊசியில் சரியாகிவிடுகிறது. எனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கணவருக்குப் போடுவது அநேகமாக ஏவிலாக இருக்கும். அரிப்பு அடங்கும், தூக்கம் வரும், சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். உங்களுக்குச் சொல்லியிருப்பது அதுவல்ல. எந்தப் பூச்சி ஆகவில்லையோ, அதிலிருந்து எடுத்த மருந்தையே துளித்துளியாக ஏற்றி உடம்பைப் பழக்குவது. லண்டனில் லியனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தத்தை வைத்து 1911இலேயே இதை எழுதிவிட்டார்.

முதலில் வாரத்துக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. ஒவ்வொரு தடவையும் அளவு கொஞ்சம் ஏறும். இது மூன்று முதல் ஆறு மாதம். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று என மூன்று, நான்கு, சிலருக்கு ஐந்து வருஷம். முழு அளவுக்கு வந்து ஒரு வருஷமாகியும் தும்மல் குறையவே இல்லையென்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள்.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஓடிவராதீர்கள். அபூர்வமாக மூச்சு அடைக்கும், பிரஷர் இறங்கும். அந்த நிமிஷத்தில் அதற்கான அவசர மருந்து, அட்ரினலின், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்துக் குப்பியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு தெருவில் தெரிந்த நர்ஸிடம் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

வீசிங் இருக்கும் நாளில் போடக்கூடாது. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் புதிதாக ஆரம்பிப்பதில்லை.

மே மாதம் ஊருக்குப் போய் சில வாரம் தவறிவிட்டால் பயப்பட வேண்டாம். கடைசி ஊசித் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள், இடைவெளியைப் பார்த்து அளவைக் குறைத்து மறுபடி ஏற்றுவார்கள்.