மீட்டிங்கில் வாயடைத்துப் போகிறதா? அந்தாதி ஆடிப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஐடி வேலை. காலையில் அன்றைய வேலையை டீமுக்குச் சொல்லும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் யாராவது குறுக்கே கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இம்ப்ரொவ் காமெடி கற்றால் சரியாகும் என்று ஓர் ஏஜென்ட், ஓட்டல் ஹாலில் 60 பேருக்கு நடக்கும் ஒருநாள் வகுப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறார். சான்றிதழும் உண்டாம். சேரலாமா?

பதில்: கலை நல்லது. ஏஜென்ட்தான் சந்தேகம்.

எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியில் தோன்றுவதை ஆடுவது இம்ப்ரொவ். சிரிப்பு தானாக வரும், அதற்காக ஜோக் தேட வேண்டாம். இதன் விளையாட்டுகள் பலவற்றை வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் 1930-களின் கடைசியில் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு ஆடி உருவாக்கினார். கன்னடமும் தெலுங்கும் இந்தியும் தமிழும் ஒரே மேசையில் உட்காரும் உங்கள் டீமுக்குப் பொருந்தாமல் போகுமா?

எதிரில் இருப்பவர் பேசும்போதே நீங்கள் பதிலை ஆங்கிலத்தில் கோக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அவர் கேள்வியைத் திருப்பியதும் நூல் அறுந்துவிடுகிறது. ரூம்மேட்டோடு தினமும் பத்து நிமிடம், தமிழிலேயே, இதை ஆடுங்கள்: அவர் முடித்த சொல்லில் நீங்கள் தொடங்க வேண்டும். நம் அந்தாதிதான். "சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்று கால் வலி." "வலியா? என் முதுகைக் கேளுங்கள்." கடைசிச் சொல் வரை கேட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்தது, "ஆமாம், அப்புறம்" விதி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேடையில் கூட்டாளி "மழை கொட்டுது" என்றால் வெயில் என்று மறுக்காமல் குடையை விரிப்பது இந்த விதி. மேனேஜர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்றால், "வெள்ளிக்கிழமை முக்கியம், புரிகிறது. அப்படியென்றால் டெஸ்டிங் அடுத்த வாரம்தான், சரியா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஏற்றாயிற்று, வேலையை ஏற்கவில்லை. கணக்கு தப்பு, புரோகிராம் உடையும் என்று தெரிந்தால் இந்த விதியும் வேண்டாம், நேராக "முடியாது" என்றே சொல்லுங்கள். வகுப்பில் இதைச் சொல்லாமல் விடுவதால், ஐடி பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, ஏஜென்ட். ஓட்டல் ஹாலில் 60 பேர், ஆடுவது மொத்தம் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவராக மேடையேறினால் ஆளுக்கு 4 நிமிடம். நிமிடத்துக்கு 3,000 ரூபாய்! சான்றிதழைப் பார்த்து எந்த மேனேஜரும் உங்களைப் பேசவிடப் போவதில்லை. கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. மார்ச் மாதம் பயிற்சி பட்ஜெட்டைத் தீர்க்க இப்படி ஒரு ஹாலை நிரப்பிவிட்டு, ஏப்ரல் அப்ரைசலில் "கம்யூனிகேஷன் போதாது" என்று அதே வரியை எழுதுவார்கள்.

பதினைந்து பேருக்குள், வாராவாரம் கூடும் குழுவாகத் தேடுங்கள். முதல் வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்றால் போனை வைத்துவிடுங்கள்.