கை தானாகப் போகிறதாம்!

கேள்வி: கொடைக்கானலில் ஓர் ஓவியர் வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாம் ஆயில் பெயின்டிங், எல்லாம் அரூபம், இன்னதென்று சொல்ல ஓர் உருவமும் இல்லை. "என்ன வரைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்கே தெரியாது, திட்டமெல்லாம் கிடையாது, கை போன போக்கில் போவேன்" என்கிறார். விலை மட்டும் 40,000 ரூபாய். மூன்றாவது படிக்கும் என் பையனும் கை போன போக்கில்தான் வரைகிறான். இது ஊரை ஏமாற்றுகிற வேலைதானே?
– ஒரு வாசகர், வத்தலக்குண்டு

பதில்: விலையைக் கேட்ட கோபத்தில் படத்தைப் பார்க்காமலே மலையிறங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது.

திட்டம் கிடையாது என்று அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். நாகஸ்வர வித்வான்கூட அடுத்த சங்கதி இன்னது என்று எழுதிவைத்துக்கொண்டு ஆலாபனை செய்வதில்லை. அதற்காக, என் பையனும் பீப்பீ ஊதுகிறான் என்று அவரிடம் போய்ச் சொல்வீர்களா?

முதல் அரைமணி நேரம் உங்கள் பையனும் அவரும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம்தான் வேலையே. செண்பகனூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஓவியர் வரைவதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அம்பர் என்கிற மண்பழுப்பை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்க இழுத்தார், பனியன் வேஸ்டால் பாதியைத் துடைத்தார், துடைத்த இடத்தில் தற்செயலாக ஒரு வெளிச்சம் தெரிய, அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கத்தியால் நீலத்தை அப்பினார். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பிச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வந்து, இருப்பதிலேயே அழகாக வந்திருந்த மூலையை (எனக்குப் பிடித்ததே அதுதான்) துணி தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டார். ஏன் என்றேன். "அது தனியாக நின்று சத்தம் போடுகிறது" என்றார். உள்ளுணர்வு, உள்ளுணர்வு என்கிறார்களே, அது இந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. உங்கள் பையன் தான் போட்டதில் நன்றாக வந்ததை அவனாகவே அழிப்பானா என்று பாருங்கள்.

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியானால் முடிந்தது. ஆயிலில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுக வேண்டும், குளிரும் ஈரமும் அதை இழுத்தடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழையும் மேகமும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டால், உங்கள் ஊரில் சில நாளில் காய்கிற அடுக்கு அங்கே வாரக்கணக்கில் விரலில் ஒட்டும். பொறுக்காமல், எண்ணெய் தடித்த அடுக்கின் மேல் டர்பன்டைன் கலந்த மெல்லிய அடுக்கைப் போட்டால் மேலே முதலில் காய்ந்துவிடும், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும், பிற்பாடு படமே வெடிப்பு விடும். திட்டமில்லை என்கிற மனிதர் இந்தக் கணக்கையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டுதான் "கை போன போக்கில்" போகிறார்.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1913இல் 'கம்போசிஷன் ஏழு' என்ற பெரிய படத்தை நாலே நாளில் முடித்தார் என்று சொல்லிப் பரவசப்படுகிறவர்கள், அதற்கு முன்னால் அவர் போட்ட முப்பதுக்கும் மேற்பட்ட வரைவுகளைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். நம் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியைக் கருப்பு வெள்ளைக் கோட்டில் விதவிதமாக வரைந்து தள்ளிய கைதான் பிற்பாடு உருவமே இல்லாத வண்ணங்களுக்குப் போனது.

சரி, ஏமாற்றுக்காரர்களே இல்லையா? இருக்கிறார்கள். மே மாதக் கூட்டத்தை நம்பி, ஒரே நீலத்தை ஒரே மாதிரி இழுத்து, அதற்கு 'மௌனம்' என்று பெயரும் வைத்து விற்பவர்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது விலையை விட்டுவிட்டு, சரியாக வராமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்றுகூட இல்லை, வரைந்ததெல்லாமே விற்பனைக்குத்தான் என்றால் பர்ஸை வெளியே எடுக்காதீர்கள். இருந்தால், உட்கார்ந்து பேசுங்கள். 40,000 அதிகமா குறைவா என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம், என்னை இழுக்காதீர்கள்.

பையனுக்கு ஆயில் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டர்பன்டைன் வாடை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, போஸ்டர் கலர் போதும்.