ஆயில் குடிக்கிற பழைய காருக்கு எந்த கிரேடு ஊத்தலாம்?

மதுரையிலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார். 2010 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல் வண்டி, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, இப்பதான் ஆர்சி புதுப்பிச்சிருக்கார், இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டணும்ங்கிற முடிவுல இருக்கார். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறையுதாம், நிறுத்துற இடத்துல ஒழுகுன தடம் எதுவும் இல்லையாம். இப்ப ஊத்துறது 5டபிள்யூ-30. மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊத்துங்க சார் எல்லாம் சரியாயிடும்ங்கறார், ஆபீஸ்ல கூட இருக்கவர் ஃபுல் சிந்தெடிக் போடுங்கங்கறார். யார் சொல்றதைக் கேக்கறதுன்னு கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அடுத்த ஆயில் மாத்தும்போது 15டபிள்யூ-40 போடுங்க, அது கிடைக்கலன்னா 10டபிள்யூ-40. டப்பாவுல ஏபிஐங்கிற தரக் குறியீடு எஸ்என் (SN) அல்லது எஸ்பின்னு (SP) போட்டிருக்கணும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை ஃபில்டரோட மாத்துங்க. 20டபிள்யூ-50 தப்பு இல்ல, ஆனா அது ரெண்டாவது படி, முதல் படியே அதுவா இருக்க வேணாம். அதுக்கும் முன்னாடி ஆயில் எந்த வழியா போகுதுன்னு ஒருநாள் உக்காந்து பாத்துடுங்க, ஏன்னா சில காரணத்துக்கு எந்த கிரேடு ஊத்தினாலும் பிரயோஜனம் கிடையாது.

ஏன் 40ன்னு சொல்றேன்னா, ரெண்டாவதா வர்ற நம்பர்தான் என்ஜின் நல்லா சூடான பிறகு ஆயில் எவ்வளவு திக்கா நிக்கும்னு சொல்றது. ஆயில் கிரேடை வரையறுக்கற எஸ்ஏஇ அமைப்போட கணக்குல 100 டிகிரி சூட்டுல 30 கிரேடுன்னா 9.3லேர்ந்து 12.5 வரைக்கும், 40ன்னா 12.5லேர்ந்து 16.3 வரைக்கும், 50ன்னா 16.3லேர்ந்து 21.9 வரைக்கும் இருக்கலாம், இது சென்டிஸ்டோக்ஸ்ங்கிற திக்னெஸ் அளவு. இதுல ஒண்ணு கவனிங்க, ஒவ்வொரு கிரேடும் ஒரு ரேஞ்ச்தான். ஒரு கம்பெனி 5டபிள்யூ-30 பத்துக்குக் கீழ இருக்கலாம், இன்னொரு கம்பெனியோடது பன்னெண்டைத் தொடலாம், ரெண்டு டப்பாவுலயும் ஒரே நம்பர்தான் போட்டிருக்கும். அதனால ஒரு பிராண்டுல வேகமா குறைஞ்சது, மாத்தினதும் கொஞ்சம் நின்னுச்சுன்னு சிலர் சொல்றது பொய் இல்ல. வாங்கப்போற ஆயில் பேரைப் போட்டு கம்பெனி டேட்டா ஷீட் தேடிப் பாருங்க, இந்த நம்பர் அதுல இருக்கும்.

இன்னொரு அளவும் இருக்கு, 150 டிகிரி சூட்டுல, அழுத்தத்துல நசுங்கும்போது ஆயில் படலம் எவ்வளவு தாங்குதுங்கறது. பேரிங்குக்கும், பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையமான பிஸ்டன் ரிங்குக்கும் உண்மையில உதவுறது இதுதான். இதுக்கு யூனிட் வேற, மில்லிபாஸ்கல்-செகண்ட். 5டபிள்யூ-30க்கு குறைஞ்சபட்சம் 2.9 இருந்தா போதும்னு எஸ்ஏஇ சொல்லுது, 10டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கு 3.7. 20டபிள்யூ-50க்கும் அதே 3.7தான் குறைஞ்சபட்சம். நிஜத்துல 50 கிரேடு அதைவிட மேலதான் நிக்கும், ஆனா 30லேர்ந்து 15டபிள்யூ-40க்கு வந்தாலே பாதுகாப்புல பெரிய தாண்டல் கிடைச்சிடுது. அதனாலதான் நேரா 50க்கு ஓட வேணாம்கறேன்.

முதல் நம்பரைப் பத்தி நம்ம ஊர்ல ரொம்ப அலட்டிக்கவே வேணாம். 20டபிள்யூ ஆயில் குளிர்ல என்ஜினை சுத்தவிடுதான்னு டெஸ்ட் பண்றதே மைனஸ் 15 டிகிரியில, 5டபிள்யூக்கு மைனஸ் 30. மதுரையில அந்தப் பேச்சே இல்ல, ஊட்டியில ஜனவரி மாசம் உறைபனி விழுற காலையில கூட எதை ஊத்தினாலும் ஸ்டார்ட் ஆகும். காலையில முதல் ஸ்டார்ட்ல மேல டாப்பெட் வரைக்கும் ஆயில் ஏறுறதுக்கு 10டபிள்யூ கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா ஆயில் குடிக்கிற வண்டிக்கு அந்த முதல் நம்பர் வேற ஒரு வகையில உபயோகப்படும், இதை நிறைய பேர் சொல்றதில்ல. குறையற ஆயில் எல்லாமே ரிங் வழியா போய் எரியறது இல்ல, ஒரு பங்கு சூட்டுல ஆவியாவே போயிடுது. 250 டிகிரியில ஒரு மணி நேரம் வச்சு எத்தனை சதவீதம் ஆவியாகுதுன்னு பாக்கற நோயாக் டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, 5டபிள்யூ-30 மாதிரி ஆயிலுக்கு 15 சதவீதம் வரைக்கும் அனுமதி. 15டபிள்யூ, 20டபிள்யூ ஆயில்ல அடிப்படை எண்ணெயே திக்கானது, அதனால ஆவியாகுறது பொதுவா கம்மி, அதோட திக்னெஸ் குடுக்கறதுக்காக சேக்கற பாலிமரும் கம்மியாத்தான் தேவைப்படும், அந்த பாலிமர்தான் ஓட ஓட நசுங்கி ஆயிலைத் தண்ணியாக்குறது. ஆபீஸ் நண்பர் சொன்ன ஃபுல் சிந்தெடிக் நல்ல ஆயில்தான், ஆவியாகுறதும் கம்மி, ஆனா அதையும் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கத்தான் போறீங்கன்னா அந்தக் காசை வால்வ் சீலுக்கு, அதாவது வால்வ் வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்கற ரப்பருக்கு எடுத்து வைங்க. சிந்தெடிக்லயும் 5டபிள்யூ-30தான் வாங்கினா, சூட்டுல அதுவும் அதே 30தான்.

இப்ப மெக்கானிக் சொன்ன 20டபிள்யூ-50. நம்ம வெயிலுக்கு அது ஒண்ணும் என்ஜினைக் கெடுத்துடாது, பழைய அம்பாசடர், ஃபியட் எல்லாம் இந்த மாதிரி திக்கான ஆயில்லதான் ஓடுச்சு. பிரச்சனை எங்கன்னா, சான்ட்ரோ மாதிரி என்ஜின்ல பேரிங் இடைவெளி அந்தக் காலத்து என்ஜினைவிட கம்மி, குளிர்ந்த என்ஜின்ல ஆக்சிலேட்டரை மிதிச்சா பிரஷர் ஏறி ரிலீஃப் வால்வ் திறந்து ஒரு பங்கு ஆயில் மறுபடி அடியில ஆயில் நிக்கிற சம்ப்புக்கே போயிடும், மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். இதைவிட முக்கியம், மலிவான மினரல் 20டபிள்யூ-50 போட்டு 10,000 கிலோமீட்டர் ஓட்டினா கார்பன் படியும், ஆயில் ரிங்ல இருக்கற சின்னச் சின்ன ஓட்டை அடைபடும், ரிங் பள்ளத்துல ஒட்டிக்கும். ஆயில் குடிக்கிறதை நிறுத்த ஊத்தினதே கொஞ்சநாள்ல இன்னும் அதிகமா குடிக்க வச்சிடும். அதனால 15டபிள்யூ-40ல ரெண்டு தடவை மாத்திப் பாத்துட்டு, அப்பவும் இதே 1,500க்கு ஒரு லிட்டர்னு போச்சுன்னா 50க்குப் போங்க. ஹேண்ட்புக்குல வெளி டெம்பரேச்சரை வச்சு ஆயில் கிரேடு சார்ட் ஒண்ணு இருக்கும், அதுல ஒண்ணுக்கு மேல கிரேடு போட்டிருப்பாங்க, அந்த சார்ட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் பயப்படாதீங்க.

சரி, ஆயில் எந்த வழியா போகுது. இதுக்கு பெரிய மிஷின் எதுவும் வேணாம், வீட்டு வாசல்லயே பாத்துடலாம். ராத்திரி பூரா நின்ன வண்டியை காலையில ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீங்க சைலன்சர் பக்கம் நில்லுங்க. நீலமா ஒரு புஸ்ஸுன்னு வந்து கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சுன்னா வால்வ் சீல், அந்த ரப்பர் சூட்டுல இறுகிப் போய் ராத்திரி பூரா ஆயில் சொட்டுச் சொட்டா உள்ள இறங்கியிருக்கும். கொடைக்கானல் போயிட்டு வரும்போது இன்னும் நல்லா தெரியும், காட் ரோடு முழுக்க கியர்ல விட்டு ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு இறங்கறீங்க, உள்ள வாக்குவம் உறிஞ்சும், வத்தலக்குண்டு சமவெளியில மறுபடி மிதிக்கும்போது பின்னாடி நீலமா மேகம் கிளம்பிச்சுன்னா சந்தேகமே வேணாம், வால்வ் சீல்தான். இதுக்கு மாறா, ஓட்டும்போது மிதிக்க மிதிக்க புகை தொடர்ந்து வந்துச்சுன்னா ரிங்.

ரிங்குன்னு சந்தேகம் வந்தா மெக்கானிக்கை கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, காய்ஞ்ச நிலையில ஒருதடவை, பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இன்னொருதடவை. முதல் ரீடிங் கம்மியா இருந்து, ஆயில் விட்டதும் நல்லா ஏறிச்சுன்னா ரிங் தேய்மானம், ஏறலன்னா வால்வ் சரியா மூடாம இருக்கலாம், வால்வ் சீல் கோளாறு இந்த டெஸ்ட்ல தெரியாது. அப்படியே கழட்டின பிளக் நாலையும் வரிசையா வச்சுப் பாருங்க, எந்த சிலிண்டர் பிளக் ஈரமா கருப்பா இருக்கோ ஆயில் அங்கதான் போகுது, நாலும் ஒரே மாதிரி கருப்புன்னா பிசிவி வால்வையும் சேர்த்துப் பாக்கணும்.

இந்த பிசிவி வால்வுதான் எல்லாரும் மறந்துடற பொருள். என்ஜினுக்குள்ள சேர்ற புகையை இன்டேக் பக்கம் இழுத்து எரிக்கிற சின்ன வால்வ். அது திறந்த நிலையில மாட்டிக்கிச்சுன்னா ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும், அடைச்சுக்கிச்சுன்னா உள்ள பிரஷர் ஏறி சீல் வழியா ஆயிலைத் தள்ளும். கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, டக்டக்குன்னு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா மாத்திடுங்க, சில நூறு ரூபாய்தான். இதைப் பாக்காமலேயே என்ஜின் வேலைக்குக் கைகாட்டுற இடம் இருக்கு, அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். வால்வ் சீல் சமாச்சாரம்னா சில ஆயிரத்துல முடியும், பல வண்டியில சிலிண்டருக்குள்ள காத்து பிரஷர் குடுத்து என்ஜினோட மேல்பாகமான ஹெட்டை இறக்காமலே மாத்தலாம், உங்க மெக்கானிக்குக்கு அது பழக்கமான்னு கேளுங்க. ரிங் வேலைன்னாதான் என்ஜின் இறக்கணும், அதை இந்த வண்டிக்குப் பண்றதா வேணாமான்னு வண்டி விலையையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

காசுக் கணக்கும் பாத்துடலாம். 1,500 கிலோமீட்டர் ஓட்ட, 15 மைலேஜ்னா 100 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே பத்தாயிரம். அதுக்கு நடுவுல ஒரு லிட்டர் ஆயில் சில நூறு ரூபாய். அதனால ஆயில் ஊத்திக்கிட்டே ஓட்டறது முட்டாள்தனமான முடிவு கிடையாது, நிறைய பேருக்கு அதுதான் சரியான முடிவு. எரியற ஆயில்ல இருக்கற பாஸ்பரஸ் நாளாக நாளாக புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும், எமிஷன் டெஸ்ட்ல ஹைட்ரோகார்பன் ஏறும், இதுதான் இதுல இருக்கற நிஜமான செலவு. லாரிக்கு விக்கிற டீசல் என்ஜின் ஆயிலையும், பைக்குக்கு வாங்கின 20டபிள்யூ-40 மிச்சத்தையும் டாப் அப் பண்ணாதீங்கன்னு சொல்றதுக்குக் காரணமும் அதுதான், அதுல பலதுல இந்த மாதிரி சமாச்சாரம் அதிகம். ஆத்திர அவசரத்துக்கு ஊத்தினா என்ஜின் போயிடாது, வழக்கமா வச்சுக்காதீங்க.

உங்க கடிதத்துல எனக்குக் கவலை குடுத்தது ஒரே ஒரு வரிதான், சர்வீஸ் அப்பதான் ஆயில் பாப்பேன்னு எழுதியிருக்கீங்க. இந்த என்ஜின்ல மொத்தமே மூணு லிட்டரை ஒட்டித்தான் ஆயில் நிக்கும். 1,500க்கு ஒண்ணுன்னா 5,000 கிலோமீட்டருக்குள்ள மூணு லிட்டருக்கு மேல போயிருக்கும், உள்ள இருக்கறதே அவ்வளவுதான். டேஷ்போர்டுல இருக்கற சிவப்பு ஆயில் லைட் லெவலைக் காட்டாது, பிரஷர் விழுந்தா மட்டும்தான் எரியும், அது எரியும்போது பேரிங் ஏற்கனவே காய ஆரம்பிச்சிருக்கும். ஆயில் குடிக்கிறதால செத்த என்ஜின் ரொம்பக் கம்மி, ஆயில் இல்லாம ஓடிச் செத்ததுதான் அதிகம்.

ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒருதடவை டிப் ஸ்டிக் பாருங்க. சமதரையில நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு, ஸ்டிக்கை உருவி துணியில துடைச்சு, மறுபடி அடி வரைக்கும் விட்டு எடுக்கணும், முதல் தடவை உருவினதுல தெரியறதை நம்பாதீங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல பாதிக்குக் கீழ இறங்கினதும் கால் லிட்டர் கால் லிட்டரா ஊத்தி மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே நிறுத்திடுங்க. எப்படியும் குறையப்போகுதுன்னு சேர்த்து ஊத்திடாதீங்க, கோட்டுக்கு மேல போனா கிராங்க் அடிச்சு நுரையாகும், அதுவும் பிசிவி வழியா இன்டேக்குக்கே போய் எரியும். ஒவ்வொரு தடவை ஊத்தும்போதும் ஓடோமீட்டர் ரீடிங்கையும் அளவையும் போன்ல குறிச்சுக்குங்க, 15டபிள்யூ-40 மாத்தின பிறகு 3,000 கிலோமீட்டர் ஓட்டி அந்தக் குறிப்பையும் பிளக் போட்டோவையும் அனுப்புங்க, சீலா ரிங்கான்னு அதை வச்சு பேசலாம்.