ஓபியாய்டு சிகிச்சைக்கு மானியம்: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில் ஒரு சிறிய சமுதாய சுகாதார மையத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். மதுரையில் படித்துவிட்டு இங்கே வந்தவன். ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து, ஹெராயின் போன்றவை) பழக்கத்தில் சிக்கியவர்கள் வாரம் நாலைந்து பேராவது வருகிறார்கள். அவர்களை ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், பாதிப் பேர் போவதே இல்லை. இங்கேயே சிகிச்சை தொடங்க மானியம் உண்டு என்கிறார்கள். வாஷிங்டனுக்கு எப்படி விண்ணப்பிப்பது? அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம்?

பதில்: வாஷிங்டனை விடுங்கள். நீங்கள் போக வேண்டிய ஊர் உங்கள் மாநிலத் தலைநகரான ஃபிராங்க்ஃபர்ட்.

2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஒன்று இந்த ஓபியாய்டு நெருக்கடிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலரை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. 2018-இல் அதைத் தொடர்ந்து வந்ததுதான் ‘ஸ்டேட் ஓபியாய்டு ரெஸ்பான்ஸ்’ மானியம். 2020 முதல் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது. கொடுப்பது சாம்சா என்ற, போதைப் பழக்கத்தையும் மனநலத்தையும் கவனிக்கும் மத்திய அமைப்பு. ஆனால் அது கிளினிக்குகளுக்கு நேரடியாகத் தருவதில்லை, மாநில அரசிடம் தருகிறது. கென்டக்கியில் அந்தப் பணத்தை வைத்து நடப்பது ‘கோர்’ என்ற திட்டம். மாநிலத்தின் மனநலத் துறைதான் அதைப் பிரித்துக் கொடுக்கிறது. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த அறிவிப்பு எப்போது, எந்தக் கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஆள் தேடுகிறார்கள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது கதவு, ஓபியாய்டு மருந்து விற்ற நிறுவனங்கள் மீது போட்ட வழக்குகளில் வந்த இழப்பீட்டுப் பணம். மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்டு ஜான்சனும் 2600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. விநியோக நிறுவனங்களின் பங்கு மட்டும் 18 ஆண்டுகளுக்குத் தவணையில் வரும். கென்டக்கி தன் பங்கை இரண்டாகப் பிரித்திருக்கிறது: பாதி மாநில ஆணையத்துக்கு, பாதி கவுன்டிகளுக்கும் நகரங்களுக்கும். உங்கள் கவுன்டி நிர்வாகி கையிலேயே கொஞ்சம் இருக்கலாம். உள்ளூர் டாக்டர் நேரில் போய்க் கேட்டால் எடுபடும்.

ஹெர்சா என்ற இன்னொரு மத்திய சுகாதார அமைப்பு வழியாகக் கிராமப்புறங்களுக்கென்று வரும் மானியம் மூன்றாவது. அதற்கு மற்ற நிறுவனங்களோடு கூட்டணி சேர வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம் என்பேன்.

சரி, எதற்குச் செலவிடுவது? விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். மருந்துச் செலவு, டாக்டர் சம்பளம் என்று பட்டியல் போட்டால் உடனே ஒரு கேள்வி வரும்: இதை மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தராதா? கென்டக்கி 2014-லேயே மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலம். உங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஓபியாய்டு பழக்கத்துக்கான மருந்தான புப்ரெனார்ஃபினுக்கு அது பணம் தரும். வேறு யாரும் பணம் தராத இடத்தில்தான் மானியத்தைச் செலவழிக்கலாம் என்பது விதி. காப்பீடே இல்லாதவர், கிளினிக் வரை வருவதற்கான வண்டிச் செலவு, காப்பீட்டுப் பணம் கிடைக்காத பணியாளரின் சம்பளம்: கேட்க வேண்டியவை இவை.

அதிலும் முதலில் கேட்க வேண்டியது ஒரு நர்ஸ். பாஸ்டனில் 2003 முதல் நடக்கும் முறையில் நோயாளியின் அன்றாடத் தொடர்பெல்லாம் நர்ஸிடம்தான். போன் எடுப்பது, சிறுநீர்ப் பரிசோதனை, வராமல் போனவரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. வெர்மான்ட் மாநிலம் 100 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆலோசகர் என்று கணக்கு வைத்தது. அந்தக் கணக்கை அப்படியே உங்கள் பட்ஜெட்டில் எழுதலாம். அப்புறம், பழக்கத்திலிருந்து மீண்டு வந்த உள்ளூர்க்காரர் ஒருவரை உதவியாளராக வையுங்கள். நம் பேச்சைவிட அவர் பேச்சு அங்கே சீக்கிரம் உள்ளே போகும்.

ஒரு எச்சரிக்கை. ‘பத்து நாள் டீடாக்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். உடலிலிருந்து மருந்தை இறக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் சாம்சா சிகிச்சையாக ஏற்பதில்லை. அது சரியும்கூட. தாங்கும் சக்தி குறைந்த உடம்போடு வெளியே போய்ப் பழைய அளவை எடுப்பவர் இறந்துபோகலாம், அதுவும் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் பரவியிருக்கும் காலத்தில். டீடாக்ஸ் செய்தால், ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஊசியும் சேர்த்தே போட வேண்டும் என்று மானிய நிபந்தனையே சொல்கிறது.

பணம் வந்த பிறகு பாடாய்ப் படுத்துவது கணக்கு. ஒவ்வொரு நோயாளியையும் சேரும்போது, ஆறு மாதத்தில், விலகும்போது என்று நீண்ட கேள்வித்தாளோடு பேட்டி காண வேண்டும். ஆறு மாதப் பேட்டியில் 80 சதவீதம் பேரையாவது பிடித்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அடிக்கடி போன் நம்பர் மாற்றுகிறவர்களை எப்படிப் பிடிப்பது? சேரும் அன்றே அம்மா நம்பர், அக்கா நம்பர் என்று மூன்று வாங்கி வையுங்கள், அவர்களிடம் பேச எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அரை ஆள் சம்பளத்தைப் பட்ஜெட்டிலேயே போடுங்கள். பலர் அதை மறந்துவிட்டு நர்ஸின் நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள்.

இதெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். புப்ரெனார்ஃபின் எழுதத் தனி அனுமதி, இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்ற வரம்பு இரண்டும் 2022 டிசம்பரில் நீங்கிவிட்டன. டிஇஏ (மத்தியப் போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவும் ஒருமுறை முடிக்க வேண்டிய எட்டு மணி நேரப் பயிற்சியும் போதும். இதே பழக்கத்துக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோன் வேறு கதை; அதற்குத் தனி உரிமம் பெற்ற மையம் வேண்டும், அதில் இறங்காதீர்கள். கென்டக்கி மருத்துவ வாரியத்துக்குப் புப்ரெனார்ஃபின் பற்றித் தனி விதிகள் உண்டு, அவற்றை முதலில் படித்துவிடுங்கள். பிறகு ஊர் மருந்துக்கடைக்காரரை நேரில் பாருங்கள். அளவுக்கு மேல் ஆர்டர் போட்டால் கேள்வி வருமோ என்று தயங்குகிற கடைகள் உண்டு. மாதம் எத்தனை பேருக்கு எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், முதல் நோயாளி சீட்டோடு போய் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.