தஞ்சையை விட்டுப் போன மகன்

கேள்வி: டெல்லியிலிருந்து தேவகிரிக்குத் தலைநகரை மாற்றிய முகமது பின் துக்ளக்கைப் பரிகசிக்கும் நாம், தஞ்சையை விட்டுக் கங்கைகொண்ட சோழபுரம் போன ராஜேந்திர சோழனை மட்டும் போற்றுவது ஏன்? தந்தையின் புகழை மறைக்கும் ஆசைதானே அதற்குக் காரணம்?

பதில்: இல்லை. மறைக்க நினைத்தவன் செய்யும் காரியம் எதையும் ராஜேந்திரன் செய்யவில்லை. புதிய நகரில் குடியேறிய பிறகு, தன் 19ஆம் ஆட்சியாண்டில், கடல் கடந்து கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வென்ற செய்தியைத் தாங்கிய மெய்க்கீர்த்தியை, அதாவது அரசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் பகுதியை, அவன் வெட்டுவித்தது, தந்தை ராஜராஜன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில்தான். ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ என்ற தொடர் அக்கல்வெட்டில் வருகிறது. சோழபுரத்தில் அவன் எழுப்பிய விமானமும் தந்தையின் விமானத்தைவிடத் தாழ்ந்ததே.

துக்ளக்கின் மாற்றம் சில ஆண்டுகளில் முறிந்தது. 1025ஐ ஒட்டித் தலைநகரான சோழபுரமோ, 1279இல் சோழர் ஆட்சி முடியும் வரை, சுமார் 250 ஆண்டுகள் நின்றது.

தஞ்சை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் தெற்கே இருக்கிறது. மேலைச் சாளுக்கியரோடு ஓயாத போர், ஆந்திரக் கடலோரத்து வேங்கி நாட்டின் அரசுரிமைச் சிக்கல், கங்கை வரை சென்ற படையெடுப்பு என்று சோழர்களின் கவலையெல்லாம் வடக்கே இருந்த காலத்தில், ஆடி வெள்ளத்தில் யானையையும் குதிரையையும் இரண்டு ஆறுகள் தாண்டிக் கொண்டுசெல்வது எத்தனை பெரிய பாடு என்று எண்ணிப் பாருங்கள். கொள்ளிடத்தின் வடபுறத்தில் அவன் இடம் தேர்ந்ததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு. மேட்டு நிலமான அங்கே வெறும் அரண்மனையைக் கட்டிவிட்டு அவன் நிற்கவில்லை. சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். இன்று பொன்னேரி எனப்படும் அதனை, கங்கை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. ஊருக்கு நீரும் தேடித் தந்தவனைத் தற்பெருமைக்காரன் என்பது நியாயமாகுமா?

இன்று அங்கே கோயிலும் சிற்றூரும் மட்டும் தெரிவதால் எல்லாம் வீண்முயற்சி எனத் தோன்றலாம். ஆனால் 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, அக்கோயிலின் மதிலைப் பெயர்த்துத்தான் கருங்கல் கொண்டுபோனார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும், கூரை ஓடுகளும், அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகளும் கிடைத்தன.