பழைய செவ்ரலே டிரக்கின் பின் ஆக்ஸிலை வீட்டிலேயே பிரித்து டிஸ்க் பிரேக் பொருத்த முடியுமா?

முடியும். நீங்கள் கேட்பது ஜெனரல் மோட்டார்ஸின் ‘14 போல்ட்’ (மூடியிலுள்ள போல்ட்டுகளின் எண்ணிக்கையால் வந்த பெயர்) ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில் என்பதால் துணிந்து சொல்கிறேன். டெக்சாஸில் என் வீட்டு ஷெட்டில், எண்பதுகளின் டிரக் ஒன்றுக்கு இதைச் செய்திருக்கிறேன். வண்டியின் எடையை ஆக்ஸில் குழாயே தாங்குகிறது; ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டும்தான். சக்கர மையத்திலுள்ள எட்டு போல்ட்டைக் கழற்றினால் ஷாஃப்ட் கையோடு வந்துவிடும்.

எல்லோரும் பயப்படுவது கிரௌன், பினியன் (ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) செட்டிங்குக்கு. இந்த ஆக்ஸிலில் அந்தப் பயம் வேண்டாம். பினியன் தனிக் கூட்டில் இருக்கிறது. அந்தக் கூட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவிலுள்ள ஷிம்மை (மெல்லிய உலோகத் தகட்டை) மாற்றினாலே பினியன் உள்ளே போகும் ஆழம் மாறும். பேரிங்கை பிரஸ்ஸில் கழற்றத் தேவையில்லை. பக்கவாட்டிலும் மரை போட்ட அட்ஜஸ்டர்கள் உண்டு. டயல் கேஜ் வைத்துப் பற்களின் இடைவெளியை 0.005 முதல் 0.008 அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். கிரஷ் ஸ்லீவ் (பினியன் நட்டை முறுக்கும்போது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் குழாய்) மட்டும் பிடிவாதம் பிடிக்கும். அளவுக்கு மீறி நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான். இரைச்சல் இல்லாமல் ஓடும் பற்களாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஹப் (சக்கர மையம்) பேரிங்கும் சீலும் மாற்றினால் போதும்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றித்தான். பழைய மாடல்களில் டிரம் ஹப்புக்குப் பின்னால் இருப்பதால் ஹப்பைக் கழற்றி, சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்களைத் தட்டி எடுத்தாக வேண்டும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கேலிப்பரை (பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தை) தாங்கும் பிராக்கெட்டை வெல்டிங் செய்வதாக இருந்தால், குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அங்கே தெளிக்கவே கூடாது. அந்தச் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

முக்கால் டன் வகை செவ்ரலே டிரக்கின் முன்சக்கர டிஸ்க்கும் கேலிப்பரும் இதற்குப் பொருந்தும், மலிவாகவும் கிடைக்கும். காற்று வெளியேற்றும் திருகு மேல்நோக்கி இருக்கும்படி கேலிப்பரைப் பொருத்துங்கள்; மாறிவிட்டால் எவ்வளவு நேரம் பெடலை மிதித்தாலும் காற்று முழுதாகப் போகாது. டிரம்முக்காக லைனில் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பின்பக்க லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தால் முன்சக்கரங்கள்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்கள் முந்திக்கொண்டால் ஈரச்சாலையில் வண்டி சுழன்றுவிடும். இந்தச் சோதனையை முடிக்காமல் பொதுச் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பலர் ஹேண்ட் பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முன்சக்கர கேலிப்பரில் அந்த வசதி கிடையாது. எழுபதுகளின் இறுதியில் வந்த கேடிலாக் எல்டொராடோவின் பின்சக்கர கேலிப்பர் ஒரு வழி. டிரான்ஸ்ஃபர் கேஸின் (நான்கு சக்கர இயக்கத்துக்கான கியர் பெட்டி) பின்பக்கம் சிறு டிஸ்க் வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதைத்தான் நான் போட்டேன், சரிவான என் வீட்டு வாசலில் வண்டி அசையாமல் நிற்கிறது.

ஹப் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை முறுக்கி, தளர்த்தி, பிறகு கையால் மட்டும் இறுக்கிப் பூட்டுங்கள். சில நூறு மைல் ஓடியதும் சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதே டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றிவிடலாம்.