ஸ்கேட்பார்க்குக்குப் போக ‘மெம்பர்ஷிப்’ கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது ஸ்கேட்போர்டு வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். புதுச்சேரி தாண்டி ஈ.சி.ஆர். பக்கம் ஒரு குடியிருப்புப் பகுதியில் பொது ஸ்கேட்பார்க், அதாவது சிமெண்டுச் சரிவுகளில் போர்டு ஓட்டும் இடம், இருக்கிறதாம். அங்கே போக மெம்பர்ஷிப், போர்டு, சீருடை எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் கட்டச் சொல்கிறார் வகுப்பு நடத்துபவர். “ஒலிம்பிக் விளையாட்டு, சர்டிபிகேட் கிடைக்கும், பின்னால் அரசு வேலைக்கு உதவும்” என்கிறார். கட்டலாமா? பெரிய பையன்கள் நடுவில் இவனை விடவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கட்டாதீர்கள்.

அது பொதுப் பூங்கா என்று நீங்களே சொல்கிறீர்கள். சில்வர் பீச்சில் கால் நனைக்க யாராவது மெம்பர்ஷிப் கேட்டால் கொடுப்பீர்களா? அதேதான் இதுவும். ஒரு பயிற்சியாளர் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு கூம்பு வைத்துவிட்டால் பார்க் அவருடையது ஆகிவிடாது. “இது எங்க டைமிங், வெளியாட்கள் வரக்கூடாது” என்று யாராவது மறித்தால், அதற்கான அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றுபவர்கள் நுழைவது இந்தச் சந்தில்தான். உள்ளாட்சி அமைப்பே நுழைவுக் கட்டணம் வைக்கலாம். பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து அவர் வழியாக வசூலிக்கவும் செய்யலாம். அப்படியானால் வாசலில் கட்டணப் பலகை இருக்க வேண்டும். ரசீதில் எந்த நகராட்சி, எந்த ஊராட்சி என்று அச்சாகியிருக்க வேண்டும், வரிசை எண் இருக்க வேண்டும். தொகையும் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். அதைக் கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். பலகை இல்லை, ரசீது புத்தகத்தில் ஏதோ அகாடமி பெயர், பணம் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்றால் அது கட்டணம் இல்லை, வசூல். போட்டி நடக்கும் நாளில் பார்க்கை மூடுவதும் நியாயம்தான், ஆனால் அதற்கும் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும்.

“யாரிடம் புகார் சொல்வது?” என்று அடுத்து கேட்பீர்கள். அங்கேதான் எனக்கே தலை சுற்றும். புதுச்சேரிக்குள் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி என்று இரண்டு. ஈ.சி.ஆரில் வடக்கே போனால் கொஞ்ச தூரம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் புதுச்சேரி, திரும்பவும் தமிழ்நாடு. காலாப்பட்டு வந்தால் மறுபடி உழவர்கரை நகராட்சி. ஒரு அலுவலகத்தில் கேட்டால் பக்கத்து மாநிலத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் விளையாட்டுத் துறையைக் காட்டுவார்கள், விளையாட்டுத் துறையோ “கட்டியது பொதுப்பணித் துறை” என்பார்கள். இரண்டு அரசும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு சிமெண்டுச் சரிவை ஒழுங்காகப் பெருக்கி வைக்க முடியவில்லை. வேறு வழியில்லை, வாசலில் இருக்கும் திறப்பு விழாக் கல்வெட்டைப் போட்டோ எடுங்கள். எந்த நிதி, எந்த அமைப்பு என்று அதில் இருக்கும். அதை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது ஒலிம்பிக் கதை. ஸ்கேட்போர்டு ஒலிம்பிக்கில் இருப்பது உண்மை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் சேர்த்தார்கள், பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பான் சிறுமிக்கு வயது 13. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா வாங்கிய ஸ்கேட்டிங் வெண்கலங்கள் வேறு. அவை காலில் சக்கரம் மாட்டி ஓடும் 3,000 மீட்டர் ரிலேவுக்குக் கிடைத்தவை. அந்த ரோலர் ஓட்டம் ஒலிம்பிக்கில் கிடையாது. இரண்டையும் ஒரே சம்மேளனம் நிர்வகிப்பதால் விளம்பரத் தட்டியில் இரண்டையும் கலந்து அடித்துவிடுகிறார்கள். உங்கள் மகன் ரோலரில் கற்ற சமநிலை கொஞ்சம் உதவும். மற்றபடி போர்டில் அவன் புது ஆள்.

சர்டிபிகேட் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங், கார்களுக்கு அடியில் படுத்தபடி ஸ்கேட்டிங், இத்தனை மணி நேரம் தொடர்ச்சியாக ஸ்கேட்டிங் என்று ‘உலக சாதனை’ நடத்தி, பதக்கம், சால்வை, போட்டோவோடு தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்பது படிவம் 1, 2, 3, 4 என்று வகுக்கப்பட்ட சான்றிதழ்கள். நாட்டுக்காகவோ, மாநிலத்துக்காகவோ, பல்கலைக்கழகத்துக்காகவோ, மாநிலப் பள்ளி அணிக்காகவோ ஆடியவர்களுக்கு, அதற்கு உரிய அமைப்பு மட்டுமே தருவது. “இது எந்தப் படிவத்தில் வரும் சார்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். முகம் மாறுகிறதா பாருங்கள்.

சரி, போர்டு. அவரிடம் வாங்க வேண்டாம். பொம்மைக் கடையில் தொங்குவதும் வேண்டாம், அதில் சக்கரத்தைத் தாங்கும் பகுதி பிளாஸ்டிக்காக இருக்கும், சரிவில் இறங்கும்போதே முறிந்துவிடும். மரப் பலகை ஏழு அடுக்கு மேப்பிளா, அடியில் சக்கரம் மாட்டும் ட்ரக் உலோகமா, கையால் சுழற்றிவிட்டால் சக்கரம் கரகரவென்று சத்தம் போடாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். அவன் வயதுக்குப் பலகை ஏழரை அங்குல அகலம் போதும். அதைவிட நல்லது, முதல் இரண்டு மூன்று முறை அங்கே இருப்பவர்களிடம் இரவல் கேட்பது. ஸ்கேட்போர்டு பிள்ளைகள் இந்த விஷயத்தில் தாராளமானவர்கள். கடற்கரைக் காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஈரமானால் பலகை உப்பி அடுக்கு பிரியும். அதனால் மொட்டை மாடியில் போட்டு வைக்கக்கூடாது.

சீருடைக்குப் போகும் காசில் ஹெல்மெட் வாங்குங்கள். உள்ளே இ.என். 1078 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 என்ற பாதுகாப்புத் தர எண் ஒட்டியிருக்க வேண்டும். அப்பாவின் பைக் ஹெல்மெட் கனம், காதையும் அடைத்துவிடும். கூடவே மணிக்கட்டுக் காப்பு. புதிதாகப் பழகும் பிள்ளைகள் விழும்போது கையைத்தான் ஊன்றுவார்கள், உடைவதும் அங்கேதான். முழங்கால் சிராய்ப்புக்கு யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில்லை.

பெரிய பையன்களைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் திசை கொஞ்சம் தவறு. அவர்கள் அடிக்கப் போவதில்லை, மோதப் போகிறார்கள். மாலை ஐந்து மணிக்குக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் யாருக்குமே நல்லதில்லை. காலை ஆறு, ஆறரைக்குப் போங்கள். வெயிலுக்கும் அதுதான் சரி, பத்து மணிக்கு மேல் அந்த சிமெண்டில் கை வைக்க முடியாது. கடலூரிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேருவது சிரமம் என்றால் முந்தின நாளே புதுச்சேரியில் உறவினர் வீட்டில் தங்குங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை. விடியற்காலையில் கூட்டம் சேர்வதற்குள் தள்ளிப் போவது, நிறுத்துவது, திரும்புவது மூன்றையும் அங்கேயே பழகலாம். இந்த மூன்றும் வராமல் பார்க்குக்குள் இறக்காதீர்கள்.

பார்க்குக்குப் போனதும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். யார் எங்கிருந்து இறங்குகிறார்கள், எங்கே போய் நிற்கிறார்கள் என்று ஒரு ஓட்டம் புரியும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர், நடுவில் புகுந்தால் கெட்ட பேர். சரிவின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்காரக் கூடாது. இது அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான், வீடியோ எடுக்கக் குறுக்கே வருவது பெரும்பாலும் அவர்கள்தான். விழுந்தால் உடனே எழுந்து ஓரம் வர வேண்டும்.

பையில் ஒரு விளக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள். நம் பக்கம் எந்தத் தளத்திலும் கடல் மணல் படியும். பார்க் போர்டின் சக்கரம் சிறியது, கடினமானது. ஒரு பட்டாணி அளவு கல் சிக்கினால் போர்டு நின்றுவிடும், பையன் நிற்கமாட்டான். இருபது நிமிடம் பெருக்கிக் கொடுங்கள், நீங்கள் பயப்படுகிற அந்தப் பெரிய பையன்களே உங்கள் மகனுக்கு முதல் சரிவைக் கற்றுக்கொடுப்பார்கள்.

விழுந்து மணிக்கட்டு வீங்கினால் எண்ணெய்க் கட்டு போடுகிறவரிடம் போகாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, அதைக் கோணலாகக் கட்டிவிட்டால் கை வளர்வதே கோணலாகும். நேராக எக்ஸ்ரே எடுங்கள், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணமே வேண்டாம். தை பிறந்ததும் போங்கள்.